ஊழி, யுகம், சகாப்தம்: நெடுங்காலத்துக்குப் பெயர் வைத்த கதை

பெரிய கலைஞர் ஒருவரோ அரசியல் தலைவர் ஒருவரோ மறைந்தால், மறுநாள் நாளிதழ்களில் தவறாமல் ஒரு தலைப்பைப் பார்க்கலாம்: ‘ஒரு சகாப்தம் முடிந்தது.’ படிக்கிற எல்லோருக்கும் பொருள் விளங்கிவிடும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு நாள்காட்டியே அடங்கியிருப்பது பலர் கவனிக்காத செய்தி. ‘சக’, ‘அப்தம்’ என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது சகாப்தம். அப்தம் என்றால் ஆண்டு. கி.பி. 78-இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கின் பெயர்தான் அது. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் பஞ்சாங்கங்களிலும் நூற்றாண்டுக்கணக்கில் புழங்கிய அந்தக் கணக்கு, விஞ்ஞானி மேக்நாத் சாகா தலைமையிலான நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22 முதல் இந்தியாவின் தேசிய நாள்காட்டியாகவும் இருந்துவருகிறது. ஒரே ஒரு கணக்கின் பெயராகப் பிறந்த சொல், தமிழில் எந்த நெடிய காலத்துக்கும் பொதுப் பெயராகிவிட்டது.

ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்கிற ‘ஈரா’ என்ற சொல்லும் கணக்கிலிருந்து வந்ததுதான். லத்தீனில் ‘ஆயெஸ்’ என்றால் செம்பு அல்லது வெண்கலம். அதன் பன்மையான ‘ஆயெரா’ முதலில் கணக்குப் போட உதவிய உலோக வில்லைகளைக் குறித்தது. பிறகு கணக்கேட்டில் எழுதும் எண்ணைக் குறித்தது. அதன் பிறகு, கி.மு. 38-ஐத் தொடக்கமாகக் கொண்டு ஸ்பெயினில் பல நூற்றாண்டுகள் வழங்கிய ஓர் ஆண்டுக் கணக்கின் பெயரானது. இன்று பூமியின் வரலாற்றையே பகுத்துச் சொல்லப் பயன்படுகிறது.

நெடுங்காலத்தைக் குறிக்கும் சொற்களை எந்த மொழியில் துருவிப் பார்த்தாலும் இப்படி ஏதாவது ஒரு சின்னப் பொருள் அகப்படுகிறது. செப்பு வில்லை, நுகத்தடி, தான்றிக்காய், கடுகு, ஆம்பல் பூ, ஆட்டு மந்தை. நூறு வயதைத் தொடுவதே அரிதான மனிதர்கள், கோடிக்கணக்கான ஆண்டுகளைப் பற்றிப் பேச வேண்டி வந்தபோது, கைக்கு எட்டியதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கடல் கடந்தும் தலைமுறை கடந்தும் அந்தச் சொற்கள் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

ஆயுள் என்ற அளவுகோல்

காலத்தை அளக்க மனிதருக்குக் கிடைத்த முதல் நீளமான கோல் அவர்களுடைய ஆயுள். பூமியின் வரலாற்றில் ஆகப் பெரிய பிரிவை நிலவியலாளர்கள் ‘இயான்’ என்கிறார்கள். கிரேக்கத்தின் ‘ஐயோன்’ என்ற சொல்லே அதன் மூலம். ஹோமரின் காவியங்களில் ஐயோன் என்றால் உயிர், வாழ்நாள். போர்க்களத்தில் வீரன் சாயும்போது அவனை விட்டுப் போவது அவனுடைய ஐயோன். பிளேட்டோவின் கைக்கு வருவதற்குள் அதே சொல் தொடக்கமும் முடிவும் இல்லாத நிலையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

மொழியியலாளர்கள் இதன் உறவினர்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். லத்தீனில் ‘ஆயெவும்’. அதன் வழியாக ஆங்கிலத்தில் ‘ஏஜ்’, ‘எடர்னல்’. சமஸ்கிருதத்தில் ‘ஆயுஸ்’. அதிலிருந்து தமிழுக்கு வந்தவை ஆயுளும் ஆயுசும். யாரைப் பற்றியாவது பேசிக்கொண்டிருக்கும்போது அவரே வாசலில் வந்து நின்றால், ‘உனக்கு ஆயுசு நூறு’ என்று சொல்வோமே, அந்த ஆயுசும், 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலான ஒரு காலத்தைச் சுட்ட நிலவியலாளர் கையாளும் இயானும் ஒரே வேரில் முளைத்தவை.

ரோமானியர்கள் ஆயுளை ஓர் ஆட்சிமுறைக் கணக்காகவே மாற்றினார்கள். அவர்களுடைய சொல் ‘சைகுலும்’. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் இன்று நூற்றாண்டைக் குறிக்கிற சொற்கள் இதிலிருந்து வந்தவைதான். ஆனால் முதலில் அது நூறு ஆண்டைக் குறிக்கவில்லை. கி.பி. 238-இல் எழுதிய சென்சோரினஸ் என்ற ரோமானிய அறிஞர், பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கன் மக்கள் அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விளக்கியிருக்கிறார். ஒரு நகரம் நிறுவப்பட்ட நாளில் பிறந்த குழந்தைகளில் யார் கடைசியாக இறக்கிறாரோ, அவருடைய மரணத்தோடு முதல் சைகுலும் முடியும். அந்த நாளில் உயிரோடு இருப்பவர்களில் கடைசி ஆள் இறக்கும்போது அடுத்தது முடியும். அதாவது, முந்தைய தொடக்கத்தைக் கண்ணால் கண்ட ஒருவர்கூட மிச்சமில்லாமல் போகும்போதுதான் காலம் மாறும்.

இந்த எண்ணத்தை வைத்தே ரோமில் ‘சைகுலும்’ விழாக்கள் நடந்தன. பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 17-இல் நடத்திய விழாவில் 27 சிறுவர்களும் 27 சிறுமியரும், கவிஞர் ஹொரேஸ் அதற்கென்றே எழுதிய பாடலைப் பாடினார்கள். அப்போது 110 ஆண்டு என்ற கணக்கு பின்பற்றப்பட்டது. ‘யாரும் இதுவரை கண்டிராத, இனி ஒருபோதும் காணப்போகாத விழா’ என்று அறிவித்து மக்களை அழைப்பது மரபு. ஆனால் பேரரசர் கிளாடியஸ் ரோம் நகரத்தின் 800-வது ஆண்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கி.பி. 47-இலேயே மறுபடி விழா எடுத்துவிட்டார். பழைய அறிவிப்பு அப்படியே ஒலித்தபோது கூட்டம் சிரித்தது என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். இடையில் கடந்திருந்தது 63 ஆண்டுதான். முந்தைய விழாவைப் பார்த்தவர்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். அதில் நடித்த சிலர் மறுபடி மேடையேறினார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார்.

ஆங்கிலத்தின் ‘வேர்ல்டு’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்துக் கதைதான். பழைய ஆங்கிலத்தில் ‘வெர்’ என்றால் மனிதன். ‘அல்டு’ என்றால் வயது, காலம். மனிதனின் காலம் என்று பொருள்பட்ட சேர்க்கை, பிறகு உலகத்தின் பெயராயிற்று.

நுகத்தடியும் தான்றிக்காயும்

‘யுகம்’ என்ற சொல்லின் வேர் ‘யுஜ்’. பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். இரண்டு மாடுகளை இணைக்கும் நுகத்தடிக்கும் சமஸ்கிருதத்தில் யுகம் என்றே பெயர். ஆங்கிலத்தில் நுகத்தைக் குறிக்கும் ‘யோக்’ என்ற சொல்லும் இதன் உறவுதான். ஒன்றாகப் பூட்டப்பட்ட ஆண்டுகளின் தொகுதி என்ற பொருளில் அது காலத்துக்கு வந்தது.

அந்தத் தொகுதி தொடக்கத்தில் மிகச் சிறியது. வேதாங்க ஜோதிடம் என்ற பழைய நூலில் யுகம் என்றால் வெறும் 5 ஆண்டு. 1,830 நாள்கள், 62 சந்திர மாதங்கள். சூரியக் கணக்குப்படி 60 மாதம் ஆகும் இடத்தில் சந்திரனுக்கு 62 மாதம் ஆகிறது. இரண்டு மாதங்களைக் கூடுதலாகச் செருகினால் சூரியனும் சந்திரனும் மறுபடி ஒரே நுகத்தில் பூட்டப்படும். சடங்குக்கு நாள் குறிக்கத் தேவைப்பட்ட அந்தச் சிறு கணக்குதான் பிற்காலத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகளாக விரிந்தது.

நான்கு யுகங்களின் பெயர்கள் வந்த இடம் இன்னும் வியப்பானது: சூதாட்டம். வேத காலத்தில் தான்றிக்காய்களே பகடை. குவியலிலிருந்து காய்களை அள்ளி நான்கு நான்காகக் கழிப்பார்கள். மீதமின்றி முடிந்தால் அது ‘கிருதம்’, வெற்றி ஆட்டம். மூன்று மிஞ்சினால் ‘திரேதம்’, இரண்டு மிஞ்சினால் ‘துவாபரம்’, ஒன்று மட்டும் மிஞ்சினால் ‘கலி’, தோல்வி. வேதகாலச் சூதாட்டத்தை ஆராய்ந்தவர்கள் தரும் விளக்கம் இது. மகாபாரதத்தின் நளன் கதையில், நளனின் உடலை விட்டு வெளியேறும் கலி ஒளிந்துகொள்வதும் தான்றி மரத்தில்தான்.

பகடையின் 4, 3, 2, 1 என்ற வரிசை யுகங்களின் நீளத்திலும் அப்படியே இருக்கிறது. கலியுகம் 4,32,000 ஆண்டு. அதைப் போல இரண்டு மடங்கு துவாபரம், 8,64,000. மூன்று மடங்கு திரேதம், 12,96,000. நான்கு மடங்கு கிருதம், 17,28,000. நான்கையும் கூட்டினால் ஒரு மகாயுகம், 43,20,000. தேவர்களின் ஓராண்டு மனிதர்களின் 360 ஆண்டு என்று வைத்துப் பார்த்தால், அது 12,000 தேவ ஆண்டு.

இதற்கு மேலும் படிகள் உண்டு. 71 மகாயுகம் சேர்ந்தது ஒரு மன்வந்தரம். 14 மன்வந்தரம் சேர்ந்தால் 994 மகாயுகம்தான் ஆகும். ஆயிரத்துக்கு ஆறு குறைகிறது. அந்த ஆறையும் மன்வந்தரங்களுக்கு முன்னும் பின்னும் 15 சந்திகளாகப் பங்கிட்டு ஆயிரத்தை நிரப்பினார்கள். அப்படி நிரம்பியது ஒரு கல்பம், பிரம்மாவின் ஒரு பகல்: 432 கோடி ஆண்டு. ‘க்லுப்’ என்ற வேருக்கு ஒழுங்குபடுத்துதல், வகுத்தல் என்று பொருள். கற்பனையும் சங்கற்பமும் அதே வேரிலிருந்து வந்தவை.

இந்த எண்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. வீட்டுச் சடங்குகளில் புரோகிதர் சொல்லும் சங்கற்பத்தைக் காதுகொடுத்துக் கேட்டால் இந்த ஏணி முழுவதும் அதில் இறங்கி வருவதைக் கவனிக்கலாம். பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, சுவேத வராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், அதில் முதல் பாதம் என்று தொடங்கி, அன்றைய ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் வரை வந்து நிற்கும். கிரகப்பிரவேசத்தில் மணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகவரி கோடானுகோடி ஆண்டுகளுக்கு நடுவே எழுதப்படுகிறது.

பின்னம் வராத கணக்கு

இவ்வளவு பெரிய எண் எதற்காக? புராணக் கதை சொல்வோருக்கு அது வியப்பூட்டும் எண்ணாக இருந்திருக்கலாம். வானியலாளர்களுக்கு அது ஒரு கருவி. ஒவ்வொரு கோளும் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் முழு எண்ணாக இருப்பதில்லை. தசமப் புள்ளி இல்லாத காலத்தில் பின்னங்களோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. எல்லாக் கோள்களும் முழுச் சுற்றுகளை முடித்து நிற்கிற ஒரு பெருங்காலத்தை எடுத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது.

ஆரியபட்டர் அப்படித்தான் செய்தார். 43,20,000 ஆண்டில் வியாழன் 3,64,224 முறை சுற்றுகிறது என்று ஆரியபட்டீயத்தில் எழுதினார். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 11.86 ஆண்டு. இன்றைய வானியல் தருகிற விடையும் அதுதான். சனிக்கு அவர் தந்த சுற்றுகள் 1,46,564. வகுத்தால் 29 ஆண்டுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 29.5. மகாயுகம் என்பது அவருக்குப் பின்னம் வராமல் வகுக்க உதவிய பேரெண். நான்கு யுகங்களும் 4, 3, 2, 1 என்று குறைந்துகொண்டு போகும் கதையை அவர் ஏற்கவில்லை. நான்கையும் சமமாக, 10,80,000 ஆண்டாகப் பிரித்தார். கி.பி. 628-இல் எழுதிய பிரம்மகுப்தர் இது மரபுக்கு மாறானது என்று அவரைக் கண்டித்தார். இவ்வளவு பெரிய காலத்தைப் பற்றிக்கூட அன்று கருத்து மோதல் நடந்திருக்கிறது.

கலியுகத்தின் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி என்பதும் இந்த வானியல் மரபின் கணக்குதான். தமக்கு 23 வயதானபோது கலியில் 3,600 ஆண்டு கழிந்திருந்தது என்று ஆரியபட்டர் சொல்வதை வைத்தே அந்த ஆண்டு கி.பி. 499 என்று கண்டார்கள். கர்நாடகத்தின் ஐஹொளெயில் ஒரு கோயில் சுவரில், சாளுக்கிய அரசர் இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடும் கல்வெட்டில், சமணப் புலவர் ரவிகீர்த்தி பாரதப் போருக்குப் பின் 3,735 ஆண்டும் சக ஆண்டு 556-உம் ஆனதாக இரண்டு கணக்கையும் சேர்த்தே தருகிறார். கி.பி. 634-ஐ ஒட்டிய அந்தக் கோயில் சுவரில் யுகமும் சகாப்தமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

4,32,000 என்ற எண் இந்தியாவுக்கு மட்டும் உரியதில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனிய வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதிய பெரோசஸ், பெருவெள்ளத்துக்கு முன் பத்து அரசர்கள் 120 ‘சார்’ ஆண்டதாகச் சொல்கிறார். ஒரு சார் என்பது 60-ஐ 60-ஆல் பெருக்கி வரும் 3,600 ஆண்டு. 120 சாருக்கு 4,32,000. இரண்டு மரபுகளுக்கும் உறவு உண்டா என்பது ஆய்வாளர்கள் நெடுநாள் விவாதித்த கேள்வி. சுமேரிய அரசர் பட்டியலில் எரிது நகரத்து முதல் அரசன் அலுலிம் ஆண்டது 28,800 ஆண்டு. அது சரியாக 8 சார். அரசர்களின் ஆயுள் இப்படி முழுச் சார்களாக வந்து விழுவதற்கு அவர்களுடைய அறுபதடிமான எண்முறையே காரணம். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி என்று இன்று உலகமே எண்ணுவதும் அந்த எண்முறையின் வழியில்தான். ‘சாரோஸ்’ என்ற பெயரை 1691-இல் எட்மண்ட் ஹாலி 18 ஆண்டு கொண்ட கிரகணச் சுழற்சிக்கு வைத்துவிட்டார். பழைய நூல் ஒன்றிலிருந்து நேர்ந்த பிழை அது. ஆனாலும் வானியலாளர்கள் இன்றுவரை அந்தப் பெயரையே சொல்கிறார்கள்.

காசித் துணியும் கடுகும்

எண்ணில் சொல்லாமல் காட்சியில் சொன்னவர் புத்தர். கல்பம் என்றால் எவ்வளவு காலம் என்று ஒரு பிக்கு கேட்கிறார். இத்தனை ஆண்டு என்று சொல்வது எளிதன்று, ஆனால் உவமையால் விளக்கலாம் என்கிறார் புத்தர். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு யோசனை (பழைய தூர அளவு) கொண்ட, பிளவே இல்லாத பாறை மலை. நூறு ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் வந்து காசித் துணியால் அதை ஒரே ஒரு தடவை துடைத்துவிட்டுப் போகிறார். மலை முழுவதும் தேய்ந்து போய்விடும்; கல்பம் முடிந்திருக்காது. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் இதற்கு அடுத்தே இன்னோர் உவமையும் உண்டு. இரும்பு மதில் சூழ்ந்த நகரம் நிறையக் கடுகு. நூறு ஆண்டுக்கு ஒரு கடுகு எடுப்பது. காசித் துணி அன்றைக்கு மிக மெல்லிய, விலை உயர்ந்த துணி. அந்த மென்மைதான் உவமையின் உயிர்.

சமணர்கள் இதே வழியில் இன்னும் முறையாகப் போனார்கள். ஒரு யோசனை அகல ஆழமுள்ள குழியில் நுண்ணிய மயிரிழைகளை நெருக்கமாக நிரப்பி, நூறாண்டுக்கு ஓர் இழை எடுத்தால் குழி காலியாகும் காலம் ஒரு ‘பல்யோபமம்’. குழியை உவமையாகக் கொண்டது என்று பொருள். அதைப் போலப் பத்துக் கோடிக் கோடி சேர்ந்தது ‘சாகரோபமம்’, கடலை உவமையாகக் கொண்டது. உவமையே அலகின் பெயராகிவிட்டது.

பௌத்தத்தோடு கல்பம் கிழக்கே பயணப்பட்டது. சீனத்தில் ‘ஜியே’, ஜப்பானில் ‘கோ’ ஆயிற்று. ஒவ்வொரு கல்பத்தின் முடிவிலும் உலகம் அழியும் என்பதால் சீனத்தில் அந்த எழுத்து பேரழிவையும் குறிக்கத் தொடங்கியது. ஜப்பானில் அது அன்றாடப் பேச்சுக்குள் இறங்கியது. பத்துக் கோடி கல்பம் என்று பொருள்படும் ‘ஒக்கூ’ என்ற சொல்லுக்கு இன்று ஜப்பானியர் கொள்ளும் பொருள், செய்யச் சலிப்பான, தொல்லையான வேலை. நாரா நகரத்தின் தோதாய்ஜி ஆலயத்தில் உள்ள ஓர் அமிதாப புத்தர் சிலையின் தலைமுடி பெரிய குவியலாக உயர்ந்து நிற்கும். ஐந்து கல்பம் தியானத்தில் இருந்ததால் வளர்ந்த முடி அது. ஜப்பானியக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லி விளையாடும் ‘ஜுகெமு’ என்ற மேடைக் கதையில், பிள்ளைக்கு நீண்ட ஆயுள் வேண்டி வைத்த மிக நீளமான பெயரில் ஐந்து கல்பத் தேய்மானமும் ஒரு துண்டு. பாறையைத் துணி தேய்க்கும் அந்தப் பழைய உவமை ஒரு குழந்தையின் பெயரில் வந்து அமர்ந்திருக்கிறது.

ஊழியும் சாவா மூவாப் பேராடும்

தமிழில் இந்தப் பொருளுக்கு உரிய பழஞ்சொல் ஊழி. ‘ஊழ்’ என்ற வேருக்கு முறை, முதிர்ச்சி, மலர்தல் என்ற பொருள்கள் உண்டு. திருக்குறளை மட்டும் எடுத்துக்கொண்டாலே இந்தக் குடும்பம் முழுவதையும் பார்க்கலாம். 650-வது குறளில் ஊழ்த்தல் என்பது பூ மலர்வது. 38-வது அதிகாரத்தில் ஊழ் என்பது விதி. 989-வது குறளில் ஊழி என்பது உலகமே நிலைமாறும் காலம். மொட்டு முதிர்ந்து மலர்வது போலக் காலம் தன் முறைப்படி முதிர்ந்து திரும்புவதுதான் ஊழி.

பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் இந்த ஊழிகளை வரிசையாக அடுக்குகிறார். வானம் தோன்றிய ஊழி, காற்று எழுந்த ஊழி, தீ சுடர்ந்த ஊழி, மழை பொழிந்த ஊழி, வெள்ளத்திலிருந்து நிலம் வெளிப்பட்ட ஊழி. இவை ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று சொல்ல அவர் எடுத்துக்கொண்ட எண்களின் பெயர்கள்: நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம். குளத்துப் பூக்களும் சங்கும் பெருக்கெடுக்கும் நீரும் பேரெண்களின் பெயர்கள். இவை புலவரின் கற்பனை இல்லை. ஆம்பல், தாமரை, வெள்ளம் போன்ற எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பிய இலக்கணமே கணக்கில் கொண்டிருக்கிறது. இந்த வரிசையை அடுத்து, திருமால் பன்றி உருவெடுத்து நிலத்தைத் தூக்கிய, அந்த உருவத்தின் பெயரையே கொண்ட ஊழி வருகிறது. சங்கற்பத்தில் ஒலிக்கும் வராக கல்பம் அதுவே.

சங்கப் புலவர்கள் எண்ணையே விட்டுவிட்டு மணலையும் எடுத்துக்கொண்டார்கள். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பஃறுளி ஆற்றின் மணலைவிட அதிக காலம் வாழ வேண்டும் என்று புறநானூற்றில் வாழ்த்துகிறார் நெட்டிமையார்.

பாட்டில் வாழ்த்துவது ஒன்று. என்றென்றும் நடக்க வேண்டிய ஓர் ஏற்பாட்டைச் செய்து காட்டுவது வேறொன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் அறக்கட்டளைகளின் கெடு ‘சந்திராதித்தவல்’ என்று எழுதப்படும். நிலவும் கதிரவனும் உள்ளவரை என்பது பொருள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுக்கப்படும். அவற்றை இடையர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். ஆனால் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும் என்பதால் மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது. ஏற்றவர் இறந்தால் அவர் வழியினர் தொடர வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆட்டுக்குப் பதிலாக 48 பசுவோ 16 எருமையோ கொடுக்கலாம் என்ற கணக்கும் இருந்தது. முடிவற்ற காலத்தை நெய்யாலும் குட்டியாலும் அளந்த இந்தச் சொல்லாட்சிக்கு இணையாக வேறெங்கும் சொல்வது கடினம்.

வியாழன் ஒரு சுற்று முடிக்கும் 12 ஆண்டைத் தமிழர்கள் மாமாங்கம் என்றே பேச்சில் வைத்துக்கொண்டார்கள். கும்பகோணத்து மகாமகக் குளத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் நீராடலே அந்தச் சொல்லின் பிறப்பிடம். ‘உன்னைப் பார்த்து ஒரு மாமாங்கம் ஆச்சு’ என்கிறவர் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை. தெலுங்கரின் உகாதியிலோ யுகத்தின் ஆதி ஓராண்டின் முதல் நாளாகச் சுருங்கியிருக்கிறது.

பாறையில் எழுதிய பெயர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நிலவியலாளர்கள் பூமியின் காலத்தைப் பாறை அடுக்குகளில் படிக்கத் தொடங்கியபோது, ஆண்டுக் கணக்கு அவர்களிடம் இல்லை. எது மேலே, எது கீழே என்பது மட்டும் தெரிந்தது. அதனால் பாறை கிடைத்த ஊரையே காலத்தின் பெயராக வைத்தார்கள். வேல்சின் பழைய பெயரிலிருந்து ஆடம் செட்ஜ்விக் 1835-இல் ‘கேம்பிரியன்’ என்றார். ரஷ்யாவின் பெர்ம் பகுதியைப் பார்த்து ரோடெரிக் மர்ச்சிசன் 1841-இல் ‘பெர்மியன்’ என்றார். பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடைப்பட்ட ஜூரா மலைத்தொடர் ‘ஜுராசிக்’ ஆனது. லத்தீனில் சுண்ணக் கட்டியைக் குறிக்கும் ‘க்ரேட்டா’ என்ற சொல்லிலிருந்து ‘கிரெடேசியஸ்’ வந்தது.

தமிழ்நாட்டு ஊர்களுக்கும் இந்தப் பெயரிடலில் இடம் கிடைத்தது. 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு, கிரெடேசியஸ் காலக் கடல் விட்டுச் சென்ற பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் அந்தப் பாறைகளில் நிறைய உண்டு. கடலோரமே இல்லாத அரியலூரின் பெயர் ஒரு பழங்கடலின் காலத்தைச் சுட்ட நிலவியல் நூல்களில் நிலைத்துவிட்டது.

1956-இல் கிளேர் பாட்டர்சன் விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்று நிறுவினார். பிரம்மாவின் ஒரு பகலான 432 கோடியோடு இதை ஒப்பிட்டு வியக்கிறவர்கள் உண்டு. ஒன்று பாறையை அளந்து கண்டது. மற்றொன்று 360-ஐயும் ஆயிரத்தையும் பெருக்கி வகுத்தது. அளவு நெருங்கி வந்தாலும் வந்த வழி முற்றிலும் வேறு. தொடக்கத்தையே எட்ட முடியாத காலத்தை எண்ணத் துணிந்தவர்களின் திறமையைப் போற்ற, அவர்கள் விண்கல்லை அளந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பெயர் வைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. பனியுகம் விலகிய கடந்த 11,700 ஆண்டுகளான ‘ஹோலோசீன்’ காலம் 2018-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,200 ஆண்டுக்கு முன் தொடங்கிய, நாம் வாழும் கடைசிப் பகுதிக்கு ‘மேகாலயன்’ என்று பெயர். சோரா எனப்படும் சிரபுஞ்சிக்கு அருகில் உள்ள மாவ்ம்லூ குகையில், சொட்டுச் சொட்டாக வடிந்த நீரின் சுண்ணாம்பு படிந்து வளர்ந்த ஒரு கல்தூண்தான் அதற்குச் சான்று. அதன் வளையங்களில் உள்ள ஆக்சிஜனின் வெவ்வேறு அணு வகைகளின் விகிதம், அந்தக் காலத்தில் பருவமழை பெரிதும் தளர்ந்ததைக் காட்டியது. உலகிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் வட்டாரத்தின் குகை, ஒரு பெரும் வறட்சியை வைத்துக் காலத்துக்குப் பெயர் தந்திருக்கிறது.

2000-இல் மெக்சிகோவில் நடந்த ஒரு கூட்டத்தில், நாம் இப்போது ஹோலோசீனில் இல்லை என்று குறுக்கிட்டுப் பேசினார் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் க்ரூட்சன். மனிதச் செயல்களே பூமியை மாற்றும் காலம் என்ற பொருளில் அவர் சொன்ன பெயர் ‘ஆந்த்ரோபோசீன்’. அதற்கு அடையாளமாகக் கனடாவின் கிராஃபோர்டு ஏரிப் படிவை 2023-இல் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. 2024 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் நிலவியலாளர்கள் அதை அதிகாரபூர்வப் பிரிவாக ஏற்க மறுத்துவிட்டார்கள். சொல்லை மட்டும் யாரும் கைவிடவில்லை. அறிவியல் இதழ்களிலும் கலைக்கூடங்களிலும் அது புழங்குகிறது.

தமிழில் இதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நிலவியலாளர்கள் காலத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு. தமிழ்ப் பத்திரிகைகளிலோ ‘ஜுராசிக் யுகம்’ என்று ஒரு நாளும் ‘ஜுராசிக் காலம்’ என்று மறுநாளும் வருகிறது. ‘ஹோலோசீன் சகாப்தம்’ என்பாரும் உண்டு. கல்பம், ஊழி, யுகம், சகாப்தம், காலம் என்று சொற்கள் கைவசம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்று பாடநூல் எழுதுவோரும் இதழாளரும் பேசி நிலைப்படுத்தினால், அரியலூர்ப் பள்ளி மாணவர் தம் ஊர்ப் பாறை எந்த ஊழியின் எந்தப் பகுதியில் உருவானது என்று தமிழிலேயே துல்லியமாக எழுதலாம்.